மாலேவிச்சின் சதுரங்களில் நிறக்குறியீடும் இடக்குறியீடும்

வடிவியல் அருவ ஓவியங்களை விளக்குகையில், கருமைக்கு இன்மை, செம்மைக்குப் புரட்சி, வட்டத்திற்கு முழுமை என நிலைத்த பொருள்களைப் பொருத்துவது எளிய வழி. கசிமிர் மாலேவிச்சின் ‘கருஞ்சதுரம்’ (1915) அவ்வழிக்கு இடங்கொடுப்பதில்லை.

பெத்ரோகிராதில் 1915 டிசம்பரில் தொடங்கிய ‘0,10’ கண்காட்சியில் இவ்வோவியம் இரு சுவர்கள் கூடும் மூலையில், கூரையை ஒட்டி மாட்டப்பட்டது. ரஷ்ய வைதிகக் கிறித்தவ இல்லங்களில் அது திருவுருவப் படங்களுக்குரிய இடம். ‘கிராஸ்னி ஊகல்’ என்பது அதன் பெயர். ‘கிராஸ்னி’ இன்று சிவப்பைக் குறிப்பினும் பழைய வழக்கில் அழகையும் குறித்தது. ‘செம்மை’ என்னும் சொல் நிறத்தோடு அழகையும் நேர்மையையும் ஏற்பதால், தமிழ் வாசகர்க்கு இவ்விரட்டுறல் அயலானதன்று. அச்செம்மூலையில் ஏறியது கருமை என்பதே இங்குக் கருதத்தக்கது.

அக்கருமையைத் தூய இன்மையாகக் கொள்வதிலும் இடர் உண்டு. 2015இல் திரெத்தியாகோவ் கலைக்கூடம் அறிவித்த ஊடுகதிர் ஆய்வு, அதனடியில் இரு வண்ண ஓவியங்கள் புதைந்திருப்பதைக் காட்டியது. மேற்பரப்பின் வெடிப்புகளில் அவ்வண்ணங்கள் தலைகாட்டுகின்றன. பக்கங்களும் முற்றிலும் இணையானவை அல்ல. கணக்கியல் நோக்கில் அது சதுரமே அன்று.

அதே ஆண்டின் செஞ்சதுரத்திற்கு அவர் இட்ட தலைப்பு ஓர் உழவர்குலப் பெண்ணைச் சுட்டுகிறது. அதில் அக்டோபர் புரட்சியைக் காண்பது பின்னோக்கிய வாசிப்பு.

வீதெப்ஸ்க் மாணவர்கள் கருஞ்சதுரத்தைச் சட்டைக்கையில் இயக்க முத்திரையாகத் தைத்துக்கொண்டனர். 1935இல் மாலேவிச்சின் சவ ஊர்தியின் முகப்பிலும் அதுவே இருந்தது. அங்குத் துக்கத்தின் கருமையையும் முத்திரையின் கருமையையும் பிரித்தறிய இயலாது.