முடுக்கி நிற்கும்போது: நம் அறிவியல் எழுத்தில் ஒரு குறை

ஆடிப் பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோட்டம் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவர்கள் ஊர் திரும்பியதும் தேரின் உயரத்தைச் சொல்வார்கள்; வடத்தின் பருமனைச் சொல்வார்கள்; இழுத்த கூட்டத்தைச் சொல்வார்கள். சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடியே நடந்து, உரிய நேரத்தில் முட்டுக்கட்டை கொடுத்துத் தேரைத் திருப்பியும் நிறுத்தியும் வந்த மனிதரைப் பற்றிச் சொல்பவர் அரிது. அவர் கை ஒரு கணம் பிசகினால் என்ன ஆகும் என்பதை ரத வீதியில் நிற்பவர்கள் அறிவார்கள்.

துகள் முடுக்கிகளைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தேர்தான் நினைவுக்கு வருகிறது. ஜெனீவா அருகே பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம். ஒளியின் வேகத்தை நெருங்கும் புரோட்டான்கள். உலகத் தோற்றத்தின் இரகசியம்! இவற்றை எழுதாதவர் இல்லை. ஆனால் அந்த இயந்திரம் ஈராண்டுகள் நிறுத்தப்பட்டது என்று செய்தி வந்தால், அதைப் பழுது என்றோ ஓய்வு என்றோ இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். இந்தத் தவறை நானும் செய்தவன்தான். ஆகையால் இதைப் பிறர்மீது சுமத்தும் குற்றமாகக் கொள்ளாமல், நம் எல்லோருக்கும் பொதுவான ஒரு குறையாகக் கொண்டு ஆராய்வோம்.

பாடநூல் சொல்லாமல் விட்டது

மேல்நிலை வகுப்பு இயற்பியலில் சைக்ளோட்ரானைப் படித்திருப்பீர்கள். காந்தப்புலம் மாறாதிருந்தால், மின்னூட்டம் பெற்ற துகள் ஒவ்வொரு சுற்றையும் ஒரே கால அளவில் முடிக்கும். சூத்திரம் எளியது, தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் ஒரு கேள்வியை எந்த மாணவரும் கேட்பதில்லை. 'காந்தப்புலம் மாறாதிருக்கட்டும்' என்று நாம் தாளில் எழுதிவிட்டோம். அதை உண்மையிலேயே மாறாமல் வைத்திருப்பது யார்?

காந்தச் சுருள் சூடேறும். மின்தடை மாறும். மின்வழங்கி சற்றே தடுமாறும். ஓடும் மின்னோட்டத்தை இடைவிடாமல் அளந்து, வேண்டிய அளவோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைத் திருத்திக்கொண்டே இருக்க ஓர் ஏற்பாடு வேண்டும். அதற்குத்தான் கட்டுப்பாட்டு அமைப்பு என்று பெயர். இன்று அதன் பெரும்பகுதி கணிப்பொறி நிரல்களால் ஆனது.

நம் நாட்டு எடுத்துக்காட்டையே பார்ப்போம். இந்தூரிலுள்ள இராஜா இராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் இண்டஸ்-2 என்னும் எலெக்ட்ரான் வளையம் இருக்கிறது. சுற்றளவு ஏறத்தாழ 172 மீட்டர். எலெக்ட்ரான் கற்றையை வளைக்க 16 காந்தங்கள், குவிக்க 72 காந்தங்கள், குவிப்பில் நேரும் பிழையைச் சரிசெய்ய 32 காந்தங்கள். எலெக்ட்ரான்கள் 55 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் உள்ளே நுழைகின்றன. அங்கேயே 250 கோடி எலெக்ட்ரான் வோல்ட் வரை ஏற்றப்படுகின்றன. ஒரு நொடிக்கு 17 இலட்சம் தடவைக்குமேல் அவை வளையத்தைச் சுற்றுகின்றன.

ஆற்றல் ஏற ஏற, எல்லாக் காந்தங்களின் மின்னோட்டமும் ஒன்றுக்கொன்று இசைவாக ஏறவேண்டும். ஒரு தொகுதி காந்தம் பின்தங்கினால் கற்றை சுவரில் மோதி மறைந்துபோகும். வடம் பிடிப்பவர்களுள் ஒரு பக்கத்தார் மட்டும் தளர்ந்தால் தேர் ஒருபுறம் இழுக்குமே, அதுபோலத்தான்.

இந்த இசைவைக் காக்க, மூன்று அடுக்குகளாக ஓர் அமைப்பை வகுத்தார்கள். மேலடுக்கில், இயக்குநர் பார்க்கும் திரைகள். நடுவில், கட்டளைகளைப் பகிர்ந்தளித்து மேற்பார்வையிடும் கணிப்பொறிகள். கீழே, மின்வழங்கிகளுக்கும் வெற்றிடப் பம்புகளுக்கும் அருகிலேயே அமர்ந்து அவற்றோடு நேரடியாகப் பேசும் கணிப்பொறிகள். முட்டுக்கட்டைக்காரரின் இடம் இந்தக் கீழடுக்கு.

தேயாத பொருள் ஏன் மாற்றப்படுகிறது?

இராஜபாளையத்து நூற்பாலைகளில் ஆயுத பூஜைக்கு இயந்திரங்களைத் துடைத்து, எண்ணெயிட்டு, சந்தனம் குங்குமம் வைப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். தேய்ந்த பேரிங்கை மாற்றுவார்கள். நைந்த பெல்ட்டை மாற்றுவார்கள். நிரலுக்குத் தேய்மானம் ஏது? அதற்கு எண்ணெயிட வேண்டியதில்லையே! பின் ஏன் அதை மாற்றவேண்டும்?

நிரல் தேய்வதில்லை என்பது உண்மை. ஆனால் அதைச் சுற்றியுள்ள உலகம் நகர்ந்துவிடுகிறது. அது ஓடும் கணிப்பொறிப் பலகையைச் செய்தவர்கள் உற்பத்தியை நிறுத்திவிடுவார்கள். பழுதானால் மாற்றுப் பலகை கிடைக்காது. எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார். இயந்திரத்தில் புதிய காந்தங்கள் சேர்ந்திருக்கும். ஆகவே, என்றாவது ஒருநாள் மாற்றியே தீரவேண்டும். கற்றை ஓடிக்கொண்டிருக்கும்போது பெரிய மாற்றம் செய்ய இயலாது. எனவே, நிறுத்தக் காலத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

ஜெனீவாவிலுள்ள செர்ன் நிலையத்தின் பெரிய முடுக்கி 2013 பிப்ரவரியில் முதலாவது நீண்ட நிறுத்தத்துக்குச் சென்றது. காந்தங்களுக்கு இடையேயுள்ள 10,000-க்கும் மேற்பட்ட மின் இணைப்புகளைச் சோதித்து வலுப்படுத்தியதைப் பலரும் எழுதினார்கள். அதே காலத்தில் நடந்த இன்னொரு வேலை பலர் கண்ணில் படவில்லை. கருவிகளுக்கு அருகிலுள்ள பழைய கணிப்பொறிகள் லின்க்ஸ்-ஓஎஸ் என்னும் இயக்க முறைமையிலிருந்து லினக்சுக்கு மாற்றப்பட்டன. கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையே புதிதாக எழுதப்பட்டது. ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை; பழைய முறையும் புதிய முறையும் சில காலம் அருகருகே இயங்கும்படி வைத்தார்கள்.

சோதனையும் படிப்படியாகவே நடந்தது. முதலில், கற்றை இல்லாமலேயே கட்டளைகளை ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு, பெரிய வளையத்துக்குத் துகள்களை ஊட்டும் சிறிய முடுக்கிகளை 2014-இல் இயக்கினார்கள். பெரிய வளையத்தில் கற்றை மீண்டும் சுற்றியது 2015 ஏப்ரல் 5 அன்று. முழுத் திட்டத்தில் ஓடும்போது அங்கே ஒரு கற்றையின் ஆற்றல், மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் 400 டன் ரயிலின் ஆற்றலுக்கு ஒப்பானது. அதைப் புதிய நிரலின் கையில் ஒப்படைக்குமுன் இத்தனை நாள் சோதித்தது சோம்பலா, பொறுப்பா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அங்கே நிரலை மட்டும் நம்பியிருக்கவில்லை. நிரல் என்ன சொன்னாலும், ஆபத்து என்று கண்டால் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் கற்றையை வளையத்திலிருந்து வெளியேற்றும் மின்சுற்று ஏற்பாடு தனியாக இருக்கிறது. ஆலைத் தொழிலாளர்கள் இன்டர்லாக் என்று சொல்வார்களே, அதே வகைத் தடுப்புப் பூட்டுதான்.

பூட்டை எடுத்துவிட்ட கதை

அந்தப் பூட்டை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? இதற்கு வரலாற்றில் கசப்பான விடை இருக்கிறது. முடுக்கி என்றால் வெளிநாட்டில் பூமிக்கடியில் இருக்கும் ஒன்று என்று எண்ணிவிடாதீர்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் லீனாக் என்னும் கருவியும் ஒரு துகள் முடுக்கிதான். இராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் மதுரைக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் அதன் கீழே படுத்து எழுந்து வருகிறார்கள்.

கனடாவில் செய்யப்பட்ட தெராக்-25 என்னும் மருத்துவ முடுக்கி, 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை, அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிக மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்திவிட்டது. அவர்களுள் சிலர் உயிரிழந்தனர். அந்தக் கருவியின் நிரலில் ஒரு பகுதி, தெராக்-20 என்னும் முந்தைய கருவியிலிருந்து வந்தது. முந்தைய கருவியில் மின்சுற்றால் ஆன தடுப்புப் பூட்டுகள் இருந்தன. புதிய கருவியில், நிரலே பார்த்துக்கொள்ளும் என்று நம்பி அவற்றில் பலவற்றை விட்டுவிட்டார்கள்.

டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகரில், 1986 மார்ச்சில் நடந்தது இது. இயக்குநர் எலெக்ட்ரான் சிகிச்சைக்குப் பதிலாக எக்ஸ்-கதிர் என்று தவறாகத் தட்டிவிட்டு, உடனே திருத்தினார். காந்தங்கள் நிலைகொள்ள எட்டு நொடி ஆகும். அந்த எட்டு நொடிக்குள் செய்த திருத்தம் திரையில் தெரிந்தது. நிரலின் உள்ளே முழுமையாகச் சென்று சேரவில்லை. எக்ஸ்-கதிருக்குரிய கடும் மின்னோட்டம், நடுவே தடுக்க ஏதுமின்றி நோயாளியின்மீது பாய்ந்தது. திரையில் வந்தது 'பழுது 54' என்ற இரு சொல் மட்டுமே. இத்தகைய அறிவிப்புகள் அன்றாடம் வந்து பழகியிருந்ததால், இயக்குநர் தொடர்வதற்கான விசையை அழுத்தினார். கருவி மறுபடியும் பாய்ச்சியது.

அடுத்த மாதம் அங்கேயே இன்னொரு விபத்து நடந்தது. அதன்பின், அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயக்குநரும் அமர்ந்து, வேகவேகமாகத் தட்டிப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடித்தார்கள். கருவி செய்தவர்கள் முதலில் சொன்ன பரிகாரம் என்ன தெரியுமா? திருத்துவதற்கு மேலே செல்லும் விசையின் மூடியைக் கழற்றிவிட்டு, அதன்மேல் நாடா ஒட்டிவிடுங்கள் என்பதுதான்!

அதே பிழை பழைய தெராக்-20 கருவியிலும் இருந்தது என்பது பிறகு தெரியவந்தது. சிகாகோவில் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் புதிய மாணவர்கள் வந்து அதில் தட்டிப் பழகும்போது ப்யூஸ் போய்க்கொண்டிருந்ததாம். பழைய பூட்டு, நிரலின் பிழையைச் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டிருந்தது. 'இத்தனை ஆண்டுகளாகச் சரியாக ஓடிய நிரல்' என்ற நற்சான்றிதழ் உண்மையில் அந்தப் ப்யூசுக்குச் சேரவேண்டியது.

1987 ஜனவரியில் யாகிமா நகரில் நடந்த விபத்துக்குக் காரணம் வேறொரு பிழை. சோதனை தேவை என்பதைக் குறிக்க, நிரல் ஓர் எண்ணிக்கையை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனது. பூச்சியம் அல்லாத எண் இருந்தால் 'சோதி' என்று பொருள். பூச்சியம் என்றால் 'சோதிக்க வேண்டாம்'. அந்த இடத்தில் 255 வரைதான் எழுத முடியும். ஆலையில் உற்பத்தியைக் காட்டும் மீட்டர் ஒன்பதுகள் நிரம்பியதும் மறுபடி பூச்சியத்துக்கு வருமல்லவா? அவ்வாறே 256-ஆவது தடவை அது பூச்சியமானது. அந்தக் கணத்தில் இயக்குநர் விசையை அழுத்தியபோது சோதனை நடைபெறவில்லை. கூட்டுவதற்குப் பதிலாக ஒரு மாறாத எண்ணை எழுதியிருந்தால் போதும். ஓர் உயிர் தப்பியிருக்கும்.

எப்படி எழுதவேண்டும்?

இந்த விபத்துகளை நான்சி லெவ்சன், கிளார்க் டர்னர் என்னும் இருவர் ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட கட்டுரையை நல்ல அறிவியல் எழுத்துக்கு முன்மாதிரி என்பேன். அதில் வியப்புக் குறிகள் இல்லை. யார் எப்போது எதைத் தட்டினார், கருவி என்ன காட்டியது, உற்பத்தியாளர் என்ன பதில் எழுதினார் என்று வரிசையாகச் சொல்கிறார்கள். ஒரே ஒரு பிழையைத் திருத்திவிட்டு 'கருவி இப்போது பாதுகாப்பானது' என்று அறிவிக்கும் மனப்பான்மையே மூலநோய் என்று காட்டுகிறார்கள். தமிழில் அத்தகைய கட்டுரை ஒன்று வந்தால், பொறியியல் கல்லூரிக்குப் போகும் நம் மாணவர்களுக்கு அது எவ்வளவு பயன்படும்!

கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள், படம் போடக்கூட ஒன்றும் இல்லையே என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கம்பிகளும் பலகைகளும் அடுக்கிய ஓர் இரும்பு அலமாரியின் படம் யாரையும் கவராது. ஆனால் வியப்பை மட்டுமே ஊட்டினால், இயந்திரம் தானாகவே ஓடுகிறது என்னும் மயக்கம் வாசகர் மனத்தில் வேரூன்றிவிடுகிறது. அந்த வாசகர் நாளை ஓர் ஆலையின் மேலாளர் ஆவார். மருத்துவமனையின் நிர்வாகி ஆவார். புதிய நிரலைச் சோதிக்க நான்கு நாள் வேண்டும் என்று பொறியாளர் கேட்கும்போது, 'இயந்திரம்தான் நன்றாக இருக்கிறதே, ஒரு நாள் போதாதா?' என்பார். நாம் எழுதாமல் விட்டதன் விலை அப்போதுதான் தெரியும்.

செர்ன் முடுக்கியின் மூன்றாவது நீண்ட நிறுத்தத்துக்கு 2026-ஆம் ஆண்டைத் தொடக்கமாகத் திட்டமிட்டார்கள். அந்தச் செய்தியைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதை மாற்றுகிறார்கள்? மாற்றியதை எவ்வாறு சோதிக்கிறார்கள்? மாற்றியது தவறினால் தடுப்பதற்கு வேறு என்ன இருக்கிறது? கட்டுரையில் விடை இல்லையென்றால், எழுதியவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். அடுத்தமுறை லீனாக் அறைக்கு வெளியே யாருக்காகவாவது காத்திருக்க நேர்ந்தால், இதே கேள்விகளை அங்குள்ள இயற்பியலாளரிடமும் பணிவோடு கேளுங்கள். அவர் நிச்சயம் மகிழ்வார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கும் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டன. தேர் நிலையில் நின்றபோதுதான் அவற்றைப் பொருத்தியிருக்க முடியும். அடுத்த ஆடிப் பூரத்துக்குப் போகும்போது, கோபுரத்தையும் வடத்தையும் பார்த்தபின், கொஞ்சம் குனிந்து சக்கரத்தின் பக்கமும் பாருங்கள்.