சிரிப்பும் விடைவழுவும்

தில்லைக்கு வழி கேட்டவனுக்குச் சிவப்புக் காளையின் விலையைச் சொல்வது விடைவழு என்பர் நன்னூலுக்கு உரை கண்டோர். தேர்வுக்காக இதனை மனனஞ்செய்யும் மாணவர் சிரிக்க மறந்துவிடுகின்றனர். உரைகாரரோ நகைச்சுவை அறிந்தவர்.

எனினும் தொடர்பின்மை யாவும் வழுவாகாது. சித்தாண்டியில் ஒருவரைக் “கூத்துப் பார்க்க வாறீங்களா?” என்று அழைத்தால், “விடிஞ்சா வேளாண்மை வெட்டு” என்பார். சொல்லளவில் வினாவுக்கும் விடைக்கும் உறவில்லை; கேட்டவர்க்கோ ஐயமில்லை. நேர்விடை அன்றாயினும் பொருளோடு இயைந்ததைத் தொல்காப்பியரும் கிளவியாக்கத்தில் விலக்கவில்லை.

இடர் விளைப்பது வேறொன்று. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இளைஞனொருவன், “வாய்க்கால் ஏன் இன்னும் வெட்டல்ல?” என்று கேட்பதாகக் கொள்க. “உன்ட அப்பன் எத்தனை ஏக்கர் செஞ்சவன்?” என்று மறுமொழி வருகின்றது. மணிமேகலையின் 29ஆம் காதை வகுக்கும் ஏதுப்போலிகளுக்கேனும் ஏதுவின் சாயல் உண்டு, இதற்கு அதுவுமில்லை. ஆயினும் கூட்டம் சிரிக்கின்றது. காளை விலையில் நகைப்புக்கு உரியவன் விடை கூறியவன், இங்கோ வினவியவன். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சென்று இதனைத் தள்ளிவிடுதல் போதாது. அச்சிரிப்பில் வினாவே கூட்டத்தின் நினைவிலிருந்து அகன்றுவிடுகின்றது. வாய்க்கால் தூர்ந்தபடியே கிடக்கின்றது.