அடித்தவர் யார், அடிபட்டவர் யார்: ஜோ ஃப்ரேசியரை முன்வைத்து

ஹெவிவெயிட் சாம்பியன்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்றதுமே நண்பர் முகம் மலர்ந்தது. 'அலியப் பத்தியா தோழர்? எழுதுங்க, எழுதுங்க.' இல்லை, ஜோ ஃப்ரேசியரைப் பற்றி என்றேன். 'அவன் வெள்ளக்காரன் ஆளாச்சே' என்றார் சட்டென்று. ஃப்ரேசியர் போட்ட ஒரு சண்டையைக்கூட அவர் பார்த்ததில்லை. (நானும் எல்லாவற்றையும் வீடியோவில் பார்த்தவன்தான், அது வேறு விஷயம்.) 1971 இல் அமெரிக்காவில் ஒரு வாயிலிருந்து புறப்பட்ட வசை, அரை நூற்றாண்டு கழித்து வியாசர்பாடி டீக்கடையில் இன்னொரு வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு வசைக்கு இவ்வளவு ஆயுள் எப்படி வந்தது என்பதுதான் என்னை இதை எழுதத் தூண்டியது.

முதலில் 'பட்டம்' என்ற சமாச்சாரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம். ஹெவிவெயிட் பட்டம் என்பது உலகிலேயே பலசாலி யார் என்ற கேள்விக்கான பதில் என்பதாகவே நமக்குச் சொல்லப்படுகிறது. யாரோடெல்லாம் மோத மாட்டேன் என்பதையும் சேர்த்தே கட்டப்பட்ட பட்டம் அது என்பதைச் சொல்வதில்லை. 1882 முதல் 1892 வரை சாம்பியனாக இருந்த ஜான் எல். சல்லிவன் கறுப்பரோடு மோத மாட்டேன் என்று வெளிப்படையாகவே அறிவித்தவர். கரீபியன் தீவொன்றில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பெயரெடுத்த பீட்டர் ஜாக்சன் அவருக்காகக் காத்திருந்து காத்திருந்து ஓய்ந்தார். சல்லிவனைப் பின்னால் வீழ்த்திய கார்பெட்டோடு ஜாக்சன் 1891 இல் 61 ரவுண்டு நின்றிருக்கிறார், முடிவில்லாமல். ஆனால் 'மாபெரும் சாம்பியன்கள்' பட்டியலில் சல்லிவன் இருக்கிறார். ஜாக்சன் இல்லை.

1908 டிசம்பரில் சிட்னியில் ஜாக் ஜான்சன் டாமி பர்ன்ஸை அடித்துப் பட்டத்தைப் பறித்தபோது போலீஸ் உள்ளே புகுந்து சண்டையை நிறுத்தியது. படக் கருவிகளும் நின்றன. வெள்ளையன் வீழ்வது பதிவாகிவிடக் கூடாது! 1910 ஜூலை 4 அன்று ரீனோவில், ஓய்விலிருந்து இழுத்து வரப்பட்ட ஜெஃப்ரீஸை ஜான்சன் 15 ரவுண்டில் முடித்தார். அன்றிரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பர்கள் தாக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். 1912 இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு போகத் தடைச் சட்டமே வந்தது. 1913 இல் வெள்ளைப் பெண்ணோடு இருந்த உறவைக் காரணம் காட்டித் தண்டனை. அதற்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 2018 இல். செத்து எழுபத்திரண்டு வருஷம் கழித்து.

இதெல்லாம் நம் வாசகர்களுக்குப் புதிதாக இருக்காது. நாம் பேசத் தயங்குவது அடுத்த பக்கத்தை. அதே ஜான்சன் சாம்பியனான பிறகு சாம் லாங்ஃபோர்டுக்குப் பட்டத்துக்கான வாய்ப்பைக் கொடுக்கவேயில்லை. லாங்ஃபோர்டும் கறுப்பர். கறுப்பனும் கறுப்பனும் மோதினால் டிக்கெட் விற்காது என்பது வியாபாரக் கணக்கு. அந்தக் கணக்கை ஜான்சன் எழுதவில்லை, ஆனால் அதன்படி நடந்துகொண்டார். வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டார்கள். லாங்ஃபோர்டும் ஹாரி வில்ஸும் பதினைந்து தடவைக்கு மேல் மோதியிருக்கிறார்கள். 1944 இல் ஒரு பத்திரிகையாளர் தேடிப் போனபோது லாங்ஃபோர்டு கண் பார்வை போய் ஹார்லெமில் ஓர் அறையில் வறுமையில் கிடந்தார். வில்ஸ் கதை இன்னொரு மாதிரி. 1919 முதல் 1926 வரை பட்டத்தை வைத்திருந்த ஜாக் டெம்ப்ஸி அவரோடு மோத ஒப்பந்தம் போட்டும் சண்டை நடக்கவில்லை. இந்த ஏழு வருஷத்தில் டெம்ப்ஸி பட்டத்தைப் பணயம் வைத்து வென்றது ஐந்தே தடவை. 1923 க்குப் பிறகு மூன்று வருஷம் ரிங்கிலேயே ஏறவில்லை. இருந்தும் 'இரும்பு மனிதர்'! ராக்கி மார்சியானோவின் 49–0 என்ற எண்ணையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அவர் வீழ்த்தியபோது ஜோ லூயிஸுக்கு 37 வயது, வால்காட்டுக்கு 38, ஆர்ச்சி மூருக்கும் 38. மார்சியானோவைக் குறைத்துச் சொல்லவில்லை, மனுஷன் அடி தாங்குவதில் பாறைதான். ஆனால் தோல்வியின்மை என்பது எதிராளிகளின் வயதையும் சேர்த்துத்தான் வாசிக்கப்பட வேண்டிய பிரதி.

சரி, ஃப்ரேசியருக்கு வருவோம். 1944 இல் தென் கரோலினாவின் பியூஃபோர்ட்டில், நிலத்தில் மாடாய் உழைத்த ஏழைக் கறுப்புக் குடும்பத்தில் பிறந்தவர். ஃபிலடெல்ஃபியாவுக்குப் பிழைக்க வந்து மாட்டு இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உடைந்த கட்டை விரலோடு தங்கம் வாங்கினார். 1967 இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்த முகம்மது அலியிடமிருந்து பட்டமும் உரிமமும் பிடுங்கப்பட்டன. அந்த மறுப்பின் மகத்துவத்தில் எனக்கு இம்மியளவும் சந்தேகம் இல்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காலியான பட்டத்தை ஃப்ரேசியர் உழைத்து எடுத்தார். அலிக்கு உரிமம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்றும் பேசினார்.

1971 மார்ச் 8 சண்டைக்கு முன்னால் அலி செய்தது என்ன? ஃப்ரேசியரை வெள்ளையருக்குச் சேவகம் செய்யும் கறுப்பன் என்றார். அசிங்கமானவன், மூளையில்லாதவன் என்றார். நடுத்தர வர்க்கக் குடும்பத்தில் பிறந்த, நிறத்தில் மாநிறமான அலி, கன்னங்கரேலென்றிருந்த இறைச்சிக்கூடத் தொழிலாளியைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகள் இவை. 1975 இல் மணிலாவுக்குப் போகும்போது கையில் ஒரு பொம்மைக் கொரில்லாவை வைத்துக்கொண்டு, இதுதான் ஃப்ரேசியர் என்று நிருபர்கள் முன்னால் குத்திக் காட்டினார். சபையே சிரித்தது. வெள்ளை இனவெறி இருநூறு வருஷமாகக் கறுப்பரைப் பார்த்துச் சொன்ன அதே உருவகம். ஒரு வெள்ளையன் சொல்லியிருந்தால் நாமெல்லாம் கொதித்திருப்போம். எதிர்ப்பின் நாயகன் சொன்னபோது அது 'நகைச்சுவை' ஆகிவிட்டது. ஃப்ரேசியரின் பிள்ளைகள் பள்ளியில் அந்த நகைச்சுவையைக் கேட்க வேண்டியிருந்தது.

அலியை வெறுத்த வெள்ளைப் பிற்போக்காளர்கள் 1971 இல் ஃப்ரேசியர் பக்கம் நின்றது உண்மைதான். அவர்களை ஃப்ரேசியர் கூப்பிட்டாரா? ஒரு மனிதனை யார் ஆதரிக்கிறார்கள் என்பதை வைத்து அவன் யார் என்று தீர்ப்பெழுதுவது நம்முடைய பழைய வியாதி. அப்படிப் பார்த்தால், 1974 இல் கின்ஷாசாவில் அலியின் சண்டைக்குக் காசு கொடுத்தவர் சர்வாதிகாரி மொபுட்டு. மணிலா சண்டை நடந்தபோது ஃபிலிப்பைன்ஸ் மார்க்கோஸின் இராணுவச் சட்டத்தின் கீழ் இருந்தது. இந்தக் கணக்கை அலியின் பக்கத்தில் யாரும் எழுதுவதில்லை.

ஆட்டத்துக்குள்ளேயே வருவோம். 37 சண்டைகள், 32 வெற்றி, அதில் 27 நாக் அவுட். நான்கே தோல்விகள், இரண்டு அலியிடம், இரண்டு ஜார்ஜ் ஃபோர்மனிடம். இந்த இருவரைத் தவிர உலகத்தில் வேறெவரும் அவரைத் தோற்கடித்ததில்லை. 1973 இல் கிங்ஸ்டனில் ஃபோர்மன் இரண்டே ரவுண்டில் ஆறு தடவை கீழே தள்ளினார், ஆறு தடவையும் எழுந்தார். குள்ளமான ஆள், கை நீளம் குறைவு. ஆகவே அடி வாங்காமல் அடிக்க அவரால் முடியாது. குனிந்து குனிந்து, தலையை அசைத்தபடியே எதிராளியின் நெஞ்சுக்குள் நுழைந்து இடது கையை வீச வேண்டும். அந்த இடது கைதான் 1971 இல் 15 ஆவது ரவுண்டில் அலியை மல்லாக்கச் சாய்த்தது. இன்னொன்று: அவருடைய ஒரு கண், அதாவது இடது கண், பல வருஷங்களாகவே பார்வை மங்கியது. அதை மறைத்துக்கொண்டே ரிங்கில் ஏறினார். மணிலாவில் 14 ரவுண்டு முடிந்தபோது நல்ல கண்ணான வலது கண் வீங்கி மூடிக்கொண்டது. அதாவது எதிரே வரும் குத்தே தெரியவில்லை. போதும் என்று நிறுத்தியவர் பயிற்சியாளர் எடி ஃபுட்ச். ஃப்ரேசியர் இன்னும் நிற்கத் தயாராகத்தான் இருந்தார். அலியின் நடனம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. கண் தெரியாமல் முன்னே வந்துகொண்டேயிருந்த உடம்பைப் பற்றி எழுத நம்மிடம் மொழியே இல்லாமல் போய்விட்டது.

நீடித்து நிற்பதுதான் அளவுகோல் என்றால் லாரி ஹோம்ஸ் என்றொருவர் இருக்கிறார். 1978 முதல் ஏழு வருஷம் பட்டத்தை வைத்திருந்தார், 20 தடவை காப்பாற்றினார். அவர் செய்த குற்றம் 1980 அக்டோபரில் 38 வயது அலியை அடித்தது. ஜனங்கள் மன்னிக்கவேயில்லை.

அதே 1980 இன் ஜனவரியில் அலி சென்னைக்கு வந்தார். காட்சிச் சண்டைக்கு எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ். அப்போது எடுத்த அலியின் படம் எங்கள் பக்கத்துச் சலூன் ஒன்றில் எம்.ஜி.ஆர். படத்துக்குப் பக்கத்தில் வெகுகாலம் தொங்கியது. அந்த எல்லிஸை 1970 பிப்ரவரியில் ஐந்தாவது ரவுண்டுக்கு எழுந்து வர முடியாதபடி அடித்துத்தான் ஃப்ரேசியர் முழு சாம்பியன் ஆனார் என்று சலூனில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஃப்ரேசியரின் கசப்பைப் பலரும் குறையாகச் சொல்கிறார்கள். 1996 இல் அட்லாண்டாவில் நடுங்கும் கையோடு அலி தீபம் ஏற்றியபோது, அந்தத் தீயிலேயே அவரைத் தள்ளியிருக்க வேண்டும் என்கிற மாதிரி பேசினார். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவமானப்பட்டவன் பெருந்தன்மையாகவும் இருந்தாக வேண்டும் என்பது யாருடைய எதிர்பார்ப்பு? அலி 2001 இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் வருத்தம் தெரிவித்தார். என்னிடம் நேரில் சொல்லட்டும் என்றார் ஃப்ரேசியர். நியாயம்தானே?

1976 இல் 'ராக்கி' படம் வந்தது. தொங்கும் மாட்டு இறைச்சியைக் குத்திப் பயிற்சி எடுப்பதும், ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகப் படிகளில் ஓடி ஏறுவதும் ஃப்ரேசியரின் வாழ்க்கையிலிருந்து எடுத்தவை. படத்தில் அதையெல்லாம் செய்பவன் ஒரு வெள்ளையன். எதிரி, வாய் ஓயாத கறுப்பு சாம்பியன். மூன்றாவது படத்துக்காகச் செய்த ராக்கியின் வெண்கலச் சிலையை ஊர்க்காரர்கள் நகரத்தின் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டார்கள். இல்லாத மனிதனுக்குச் சிலை. இருந்த மனிதன் அதே ஊரில் நார்த் பிராட் தெருவில், தன் பயிற்சிக்கூடத்தின் மாடியில் குடியிருந்துகொண்டு தெருப் பையன்களுக்குக் குத்தச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். 2008 இல் அந்தக் கூடம் மூடப்பட்டது. 2011 நவம்பரில் ஃப்ரேசியர் ஈரல் புற்றுநோயில் இறந்தார். அவருக்கு அந்த நகரம் சிலை வைத்தது 2015 இல். பயிற்சிக்கூடம் இருந்த கட்டடத்தில் அதற்கு முன்பே ஒரு மெத்தை, நாற்காலிக் கடை வந்துவிட்டிருந்தது.