இரத்தப் படலத்தை டிவியில் பார்ப்பது எப்படி?

இரத்தப் படலம் படக்கதையைப் படித்த ஒருவரிடம், 2008-இல் வந்த அதன் தொலைக்காட்சி வடிவத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பேச்சு முதல் காட்சியைத் தாண்டாது. “கடலை எங்கேய்யா காணோம்?” என்பார். படக்கதையில் குண்டடிபட்டு, நினைவிழந்து, கடலோரத்தில் ஒதுங்குகிறான் நாயகன். வயதான ஒரு தம்பதி அவனை வீட்டுக்குத் தூக்கிப் போய்ப் பிழைக்க வைக்கிறார்கள். அவன் யார் என்பதற்கு இருக்கும் ஒரே தடயம், உடம்பில் பச்சை குத்திய 13 என்ற ரோமன் எண். தொலைக்காட்சியிலோ அவன் பாராசூட்டோடு மரத்தில் தொங்குகிறான். படக்கதையில் சுட்டுக் கொல்லப்பட்ட ஜனாதிபதி வில்லியம் ஷெரிடன் ஓர் ஆண். இங்கே சாலி ஷெரிடன் என்ற பெண். முதல் பத்து நிமிஷத்திலேயே இரண்டு அடி. அதற்கு மேல் பார்க்க ரசிகருக்கு மனசு வராது.

இந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். பெல்ஜியத்தின் ழான் வான் ஹாம் எழுதி, வில்லியம் வான்ஸ் வரைந்து, 1984-இல் முதல் ஆல்பம் வெளிவந்த கதை இது. சிவகாசியின் லயன் காமிக்ஸ் அதைத் தமிழில் துண்டு துண்டாகக் கொண்டுவந்தது. அடுத்த பாகம் எப்போது என்று தெரியாமல் காத்திருந்தவர்கள், 2010-இல் 800 பக்கங்களுக்கு மேல் கனத்த கறுப்பு வெள்ளைத் தொகுப்பைக் கையில் வாங்கியபோது அழுதிருக்கிறார்கள். அதே கதை வண்ணத்தில் 2018-இல் மறுபதிப்பாக வந்தபோது மறுபடியும் பணம் கட்டினார்கள். அப்படிப்பட்டவர்களிடம் “இது வேற ஊடகம், விட்டுட்டுப் பாருங்க” என்று சொல்வது முறையல்ல. விட வேண்டியதில்லை. அந்த விசுவாசம்தான் ரசிப்பதற்கான நல்ல கருவி. அதைத் தொப்பியின் நிறத்திலும் கடற்கரையிலும் செலவழித்துவிடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

முதலில், எதற்கு விசுவாசமாக இருக்கிறோம் என்று பார்க்கலாம். எங்கள் ஊரான கடமலைக்குண்டுக்குப் படக்கதைகள் தேனி, ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்டுக் கடைகளிலிருந்துதான் வந்தன. 1972-இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. 1984-இல் லயன், நாயகி மாடஸ்டியோடு வந்தது. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் அதே வருஷம்தான். யாராவது தேனிக்குப் போய்வந்தால் ஒரு இதழ் வரும். அது தெரு முழுக்கச் சுற்றி, அட்டை போய், முதல் இரண்டு பக்கமும் கடைசி இரண்டு பக்கமும் இல்லாமல் என்னிடம் சேரும். முடிவு தெரியாத கதைக்கு முடிவை நாங்களே சொல்லிக்கொண்டோம்.

ஆனால் பக்கம் கிழியாத புத்தகத்திலும் இதே வேலையைத்தான் வாசகன் செய்கிறான். ஒரு கட்டத்தில் இத்தாலியப் படக்கதை நாயகன் டெக்ஸ் வில்லரின் கை துப்பாக்கி உறையை நோக்கிப் போகிறது. அடுத்த கட்டத்தில் எதிரியின் துப்பாக்கி காற்றில் பறக்கிறது. கை உருவியது, சுட்டது, தோட்டா போனது எதையுமே யாரும் வரையவில்லை. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே இருக்கும் அந்த வெள்ளைக் கோட்டில் வாசகன் அதை வரைந்துகொள்கிறான். அமெரிக்க ஓவியர் ஸ்காட் மெக்ளவுட் 1993-இல் படக்கதையைப் பற்றி ஒரு முழுப் புத்தகத்தையே படக்கதையாக எழுதினார். அதில் படக்கதைக் கலையின் உயிர் இந்த இடைவெளியில் இருப்பதாகக் காட்டுகிறார்.

அந்த இடைவெளியை நாங்கள் எதைக் கொண்டு நிரப்பினோம்? அரிசோனாவை நாங்கள் கண்டதில்லை. கண்டது வருசநாட்டுப் பாதையின் கரடுகளையும், தண்ணீர் வற்றி மணலாகக் கிடக்கும் மூல வைகையையும், வெயிலில் வெடிக்கும் இலவங்காய்களையும்தான். டெக்ஸும் அவர் தோழர் கிட் கார்சனும் குதிரை ஓட்டியது அந்த மணலில். நவஹோக்கள் மறைந்து நின்றது மயிலாடும்பாறைப் பக்கத்துப் பாறைகளுக்குப் பின்னால். ஆக, நாம் காவல் காக்கும் மூலத்தில் பாதியை இத்தாலியிலும் பெல்ஜியத்திலும் வரைந்தார்கள். மீதியை நாம் வரைந்தோம். தொலைக்காட்சி கைவைப்பது நம் பாதியில். வலி அங்கிருந்துதான் வருகிறது. இது தெரிந்துவிட்டால், பார்க்க உட்காரும்போது பாதிச் சண்டை தணிந்துவிடும்.

இனி பார்க்கலாம். முதல் கவனம் நேரத்தின் மேல் இருக்கட்டும். புத்தகத்தில் நேரம் உங்கள் விரலில் இருந்தது. பிடித்த கட்டத்தில் அரை மணி நேரம் நிற்கலாம். சண்டையை இரண்டு நொடியில் புரட்டலாம். திரையில் அந்த உரிமை இயக்குநருக்குப் போய்விடுகிறது. அவர் அதை வைத்து என்ன செய்கிறார்? இடைவெளிகளையெல்லாம் நிரப்பி, துப்பாக்கி உருவுவது முதல் தோட்டா பாய்வது வரை ஒன்று விடாமல் காட்டுகிறாரா? அல்லது வெட்டித் தாண்டி உங்களுக்கும் கொஞ்சம் வேலை வைக்கிறாரா? மனதில் பதிந்த ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எத்தனை கட்டம், எது பெரியது, பக்கத்தின் கடைசிக் கட்டம் எந்தக் கேள்வியோடு நிற்கிறது என்று பாருங்கள். பிறகு அதே காட்சியைத் திரையில் பாருங்கள். பக்கத்தைத் திருப்பும்போது வந்த திடுக்கிடலுக்கு இங்கே எது ஈடு? ஒரு வெட்டா, ஒரு சத்தமா, ஒரு மௌனமா? இதைத் தேடத் தொடங்கினால் கடற்கரை, மரம் எல்லாம் பின்னுக்குப் போய்விடும்.

அதற்காகப் பக்கத்தை அப்படியே திரையில் ஒட்டுவதும் தீர்வு அல்ல. 1966 முதல் 1968 வரை அமெரிக்காவில் ஓடிய பேட்மேன் தொடரில், அடி விழும்போதெல்லாம் படக்கதையின் ஓசைச் சொற்கள் பெரிய எழுத்தில் திரையை நிறைத்தன. நம் இதழ்களில் ‘டமால்’ என்றும் ‘டுமீல்’ என்றும் வருமே, அதைப் போல. வில்லன்களின் கூடாரத்தில் கேமராவே சாய்ந்து நிற்கும். பளிச்சென்ற நிறம், தட்டையான வெளிச்சம் எல்லாம் அச்சடித்த தாளின் சாயல். அந்தத் துணிச்சலை நான் ரசிக்கிறேன். ஆனால் பேட்மேனின் இரவையும் தனிமையையும் அது கைவிட்டது. தாளின் தோல் வந்தது, இருட்டு வரவில்லை.

அடுத்தது முகம். ரசிகர்கள் அதிகம் சண்டை போடுவதும், பயன் குறைவாகக் கிடைப்பதும் இங்கேதான். ராணி காமிக்ஸில் மாயாவி என்ற பெயரில் வந்த, லீ ஃபாக்கின் முகமூடி வீரரை நினைத்துக்கொள்ளுங்கள். 1936 முதல் அவர் முகமூடிக்குள் கண்மணியே வரையப்பட்டதில்லை. வெறும் வெள்ளை. கோபமா கருணையா என்பதை அந்த வெள்ளையில் நாம்தான் எழுதிக்கொண்டோம். எந்த நடிகர் வந்தாலும் அவருக்குக் கண் இருக்கும். அங்கே தோற்பது நடிகர் அல்ல. அதனால் முகத்தை விட்டுவிட்டு நடையைப் பாருங்கள், நிற்கும் விதத்தைப் பாருங்கள். மோரிஸ் 1946-இல் படைத்த லக்கி லூக் தன் நிழலைவிட வேகமாகச் சுடுபவர். அது கோட்டோவியத்தில் மட்டுமே சாத்தியமான வேடிக்கை. டெரன்ஸ் ஹில் 1991-இல் படமாகவும், 1992-இல் தொடராகவும் அவரை நடித்துக் காட்டினார். உருவத்தில் அவர் லூக் இல்லை. ஆனால் அவசரமே இல்லாத அந்த உடல்மொழி லூக்குடையது. கதையைக் குதிரை ஜாலி ஜம்பரே சொல்வதுபோல் அமைத்ததைத்தான் நான் மிகவும் ரசித்தேன். புத்தகத்தில் குதிரையின் தலைக்கு மேல் குமிழியாக மிதந்த நக்கல் இங்கே குரலாகிவிட்டது. பொருள் மாறாமல் வடிவம் மாறுவது என்றால் இதுதான்.

லூக்கிடம் இன்னொன்றும் கவனிக்க இருக்கிறது. அவர் உதட்டில் தொங்கிய சிகரெட், 1983-இல் கார்ட்டூன் தொடர் வந்த சமயத்தில் ஒரு புல் தண்டாக மாறியது. மோரிஸ் அதைப் புத்தகத்திலும் அப்படியே வைத்துக்கொண்டார். 1988-இல் உலக சுகாதார நிறுவனம் அதற்காக அவரைக் கௌரவித்தது. அதற்குப் பின் வந்த கதைகளை மட்டும் படித்து வளர்ந்தவருக்குப் புல் தண்டுதான் அசல். மூலமும் அசையாமல் நிற்பதில்லை.

இதையெல்லாம் நம் ஊர்க்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பொங்கலுக்கு ஸ்பெஷல் நாடகம் போடும் ஊர்கள் நம்முடையவை. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் எங்கள் பெரியவர்களுக்கு மனப்பாடம். தினைப்புனக் காவலும், நாரதர் வருகையும், வேடனும், கிழவனும், யானையும் எந்த வரிசையில் வரும் என்று குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன்? ராஜபார்ட் ஒருவர், ஸ்திரீபார்ட் ஒருவர், இருவரும் வெவ்வேறு ஊர், ஒத்திகை கிடையாது, தர்க்கம் அன்றைக்கு மேடையிலேயே பிறக்கிறது. போன வருஷத்து வள்ளி சுருக்கமாகச் சொன்ன பதிலை இந்த வருஷத்து வள்ளி அரை மணி நேரம் இழுத்துப் பாடினால், “பாட்டை மாத்திட்டா” என்று யாரும் எழுந்து போவதில்லை. மாற்றியது பொருந்துகிறதா என்று காது கொடுக்கிறார்கள். பொருந்தினால் பணம் குத்துகிறார்கள். ஆனால் முருகனை வள்ளி உதாசீனமாக விட்டுப் போய்விட்டதாக ஒருவர் முடித்தால் மேடையை விட்டு இறங்க முடியாது. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்ற கணக்கு அந்தக் கூட்டத்துக்குத் தெரியும். படக்கதை ரசிகர் டிவி முன்னால் உட்காரும்போது இந்தக் கணக்கைத்தான் எடுத்துவர வேண்டும்.

மாடஸ்டி பிளைசியில் அதைப் போட்டுப் பார்ப்போம். பீட்டர் ஓ’டொனல் எழுதி, ஜிம் ஹோல்டவே வரைந்து 1963-இல் லண்டன் பத்திரிகையில் தொடங்கிய கதை. மாடஸ்டிக்கும் வில்லி கார்வினுக்கும் நடுவே இருப்பது உயிரைக் கொடுக்கும் நட்பு. அது ஒருபோதும் காதல் ஆகாது. அந்தக் கதையின் முதுகெலும்பு அது. 1966-இல் ஜோசப் லோசி எடுத்த படத்தில் இருவரும் காதல் பாட்டுப் பாடுகிறார்கள். ஓ’டொனலுக்கு அந்தப் படம் பிடிக்கவே இல்லை. இங்கே ரசிகர் எழுந்து போனால் நான் கூடவே போவேன். முடியின் நிறத்தையோ ஊரையோ மாற்றியிருந்தால் பொறுத்திருக்கலாம். உறவை மாற்றினால் பெயர் மட்டும்தான் மிச்சம்.

இதே அளவுகோலை இரத்தப் படலத்துக்கு வையுங்கள். அதன் முதுகெலும்பு எது? ஜனாதிபதி ஆணா பெண்ணா என்பது அல்ல. தான் கொலைகாரனா இல்லையா என்று தெரியாத ஒருவன்; கிடைக்கும் ஒவ்வொரு பெயரும் அவன் கையில் பொய்யாகிறது; தன்னைப் பற்றிய உண்மைக்கே அவன் பயப்படத் தொடங்குகிறான். வான் ஹாம் 2007 வரை 19 ஆல்பங்களில் அந்தப் பயத்தை வளர்த்தார். 2008 குறுந்தொடருக்குக் கிடைத்தது சுமார் மூன்று மணி நேரம். அதனால் எது விடுபட்டது என்று பட்டியல் போடாதீர்கள், பட்டியல் முடியாது. நாயகனாக வரும் ஸ்டீபன் டார்ஃப், தன்னைப் பற்றி ஒரு செய்தி கேட்கும்போது அவர் முகம் நம்ப ஆசைப்படுகிறதா, பயப்படுகிறதா? வில்லன் மங்கூஸாக வால் கில்மர் வரும்போது அறை சுருங்குகிறதா? முதல் பகுதியில் அந்த முதியவர்களின் வீட்டுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள்? நினைவில்லாதவனுக்குக் கிடைத்த முதல் வீடு அது. அங்கே கேமரா அவசரப்பட்டால் பின்னால் வரும் எதுவும் நம்மைத் தைக்காது. 2011-இல் ஸ்டூவர்ட் டவுன்சென்ட் நடிக்கத் தொடங்கிய நீண்ட தொடர் ஆல்பங்களை விட்டு வெகுதூரம் போய்விடுகிறது. அதை இரத்தப் படலமாகப் பார்க்காமல் அதே ஆளின் வேறு கதைகளாகப் பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பார்க்கும் முறையில் இரண்டு விஷயம் மட்டும். பார்ப்பதற்கு முந்தின நாள் புத்தகத்தைப் புரட்டாதீர்கள். புரட்டினால் கண் வித்தியாசத்தை மட்டுமே தேடும். பார்த்த மறுநாள் எடுங்கள். திரை சொல்லாமல் விட்டது புத்தகத்தில் புதிதாகத் தெரியும், சில இடத்தில் புத்தகம் விட்டதைத் திரை சொல்லியிருப்பதும் தெரியும். இரண்டாவது, தனியாகப் பார்க்காதீர்கள். புத்தகம் படிக்காத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் எங்கே கேள்வி கேட்கிறாரோ அங்கே திரைக்கதை புத்தகத்தை நம்பி நின்றிருக்கிறது.

பழகிக்கொள்ள எதில் தொடங்கலாம் என்றால், டெக்ஸைச் சொல்வேன். ஜான் லூயிஜி பொனெல்லியும் ஆரேலியோ கலெப்பினியும் 1948-இல் படைத்த டெக்ஸுக்கு, அதாவது நம் இரவுக்கழுகாருக்கு, 1985-இல் ஒரு படம் வந்தது. துச்சியோ தெசாரி இயக்கம், டெக்ஸாக ஜூலியானோ ஜெம்மா. இத்தாலியத் தொலைக்காட்சிக்கான தொடரின் முன்னோட்டமாக நினைத்து எடுத்தது. வரவேற்பு இல்லாததால் தொடர் பிறக்கவே இல்லை. வேகம் குறைவு, சில இடங்களில் தள்ளாடுகிறது. ஆனாலும் ஜெம்மா குதிரையில் அமரும் விதத்தையும், பேசாமல் நிற்கும் நேரத்தையும் பாருங்கள். தொடக்கத்தில் கதை சொல்ல வரும் செவ்விந்தியப் பெரியவரையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அது பொனெல்லி.