பல்மைராவின் பாடபேதங்கள்

சிரியாவின் பல்மைராவில், அறபிகள் தத்முர் என்றழைக்கும் பழம்பதியில், பேல் ஆலயத்தை 2015 ஓகஸ்டில் ஐ.எஸ். இயக்கம் வெடிவைத்துத் தகர்த்தது. ஒக்டோபரில் வெற்றி வளைவும் போயிற்று. அவ்வளைவின் பிரதியொன்று 2016 ஏப்ரலில் லண்டன் ட்ரபல்கர் சதுக்கத்தில் நிறுத்தப்பட்டது. புகைப்படங்களிலிருந்து கணினியில் முப்பரிமாண மாதிரி அமைத்து, இத்தாலியில் இயந்திரம் பளிங்கில் செதுக்கிய பிரதி அது. மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் எங்கட பிள்ளைகளும் வகுப்பறையில் இருந்தபடியே பழைய நகரங்களைச் சுற்றி வரலாம். நல்ல விஷயந்தான். ஆனால், 'பாதுகாத்துவிட்டோம்' என்று அவ்வளவு லேசாகச் சொல்லிவிட ஏலாது.

ஒரே கல்லைப் பல கோணங்களில் எடுத்த படங்களின் பொதுப் புள்ளிகளைக் கணினி பொருத்திப் பார்க்கிறது. அதிலிருந்து உருவம் எழுகிறது. படத்தில் இல்லாததை ஊகித்துத்தான் நிரப்பவேண்டும்.

பேல் ஆலயம் கி.பி. 32இல் அர்ப்பணிக்கப்பட்டது. பின்னர் கிறிஸ்தவ தேவாலயமாயிற்று. 1132இல் பள்ளிவாசலாயிற்று. அதன் மதிலுக்குள்ளே ஒரு கிராமமே குடியிருந்தது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சு ஆட்சியினர் அகழ்வாய்வுக்காகச் சனங்களை வெளியேற்றி வீடுகளை அகற்றினார்கள். ஆகவே அண்மைக்காலப் படங்களிலிருந்து செய்யும் மாதிரி எவ்வளவு நுணுக்கமாயினும், அங்கே எண்ணூறு வருடம் நடந்த தொழுகையை அது அறியாது. ஐ.எஸ். செய்த அழிவு தெரியும். அதற்கு முந்திய அகற்றல் கண்ணில் படாது.

சுவடிப் பதிப்பாசிரியர்கள் இதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். உ.வே. சாமிநாதையர் ஒரு பாடத்தை மேலே வைத்தார். பாடபேதங்களை அடியிலே தந்தார். சிதைந்த இடத்தைச் சிதைந்ததாகவே விட்டார். கணினி மாதிரியும் ஒரு பதிப்புத்தானே! எது சான்று, எது ஊகம், எந்தக் காலத்து வடிவம் என்று பார்ப்பவருக்குத் தெரியவேண்டும். மரபுரிமைக் கணினிக் காட்சிகள் பற்றிய லண்டன் சாசனமும் இதையே கேட்கிறது.

பாஸல் கர்தபில் என்ற இளைஞர் 2005 முதல் பல்மைராவைக் கணினியில் கட்டத் தொடங்கியவர். சிரிய அரசு 2012இல் அவரைச் சிறையிலடைத்து, 2015இல் கொன்றது. அவருடைய மாதிரிகளை யாரும் எடுத்துத் திருத்தலாம் என்றே நண்பர்கள் வெளியிட்டார்கள். எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். லண்டன் பளிங்கில் இனி ஒன்றையும் சேர்க்க முடியாது. பாஸலின் கோப்புகளில், தத்முரின் பேரப்பிள்ளைகள் தங்கள் பள்ளிவாசலையும் வீடுகளையும் சேர்க்கலாம்.