தூணில் செடி, கழிமுகத்தில் சாம்பல்

சென்னையின் மேம்பாலத் தூண்களில் செடிகள் ஏறியிருக்கின்றன. மாநகராட்சியின் காலி மனைகளில், மரங்களை நெருக்கமாக நடும் மியாவாக்கி முறையில் குறுங்காடுகள் எழுகின்றன. மாடித்தோட்டத்துக்கு அரசு மானியம் கிடைக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம் என்று வாழும் வடசென்னையின் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மக்களுக்கு இந்தப் பசுமை எதைத் தரும், எதைத் தராது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

தரக்கூடியது குளிர்ச்சி. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம், வாங்கிய சூட்டை இரவில் வீட்டுக்குள் இறக்குகிறது. வாரியக் குடியிருப்புகளின் மேல்மாடியில் படுப்பவர்கள் இதை உடம்பால் அறிவார்கள். மேலே செடி இருந்தால் தளத்தில் நேர்வெயில் விழாது. இலைவழியே ஆவியாகும் நீரும் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் தேவை. நான்கு பை கத்தரியும் இரண்டு பை கீரையும் வீட்டுச் செலவுக்கும் கொஞ்சம் உதவும்.

ஆனால் இந்தக் குளிர்ச்சிக்கு விலை உண்டு. முதல் விலை பாரம். ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தரநிலை கணக்கில் கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. 10 செ.மீ. தடிமனுக்குப் பரப்பிய சாதாரண மண் மழையில் ஊறினால் அந்த அளவை எட்டிவிடும், தாண்டவும் செய்யும். ராயபுரத்தின் பழைய வீடுகளில் மரக்கட்டைகளின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் இன்னும் இருக்கிறது. அதில் மண் கொட்டுவது ஆபத்து. கான்கிரீட் வீடுகளும் தப்பவில்லை. உப்புக்காற்றில் ஏற்கெனவே துருப்பிடித்த கம்பி, மேலிருந்து ஈரமும் கசிந்தால் ஊதிப் பெருத்துப் பூச்சை உடைத்துக்கொண்டு வெளியே வரும். தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தொகுப்பில் மண்ணுக்குப் பதில் தென்னை நார்க்கழிவு தருவது இந்த வகையில் அறிவான ஏற்பாடு.

அடுத்த விலை தண்ணீர். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. கடலோரப் போர்வெல் நீரை ஊற்றினால் இலைநுனி கருகும். குடிக்க லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் தெருவில் செடிக்கு எதை ஊற்றுவது?

தூண்தோட்டத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. ஒவ்வொரு செடிக்கும் கைப்பிடி அளவு வளர்ப்பு ஊடகம்தான். பக்கத்தில் மெல்லிய சொட்டுநீர்க் குழாய், கீழே தொட்டி, மோட்டார். கத்திரி வெயிலில் மோட்டார் சில நாள் நின்றால் செடி கருகிவிடும். திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் பணம் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை. அதே பணத்தில் தெருவோரம் குழி எடுத்துப் பூவரசும் புங்கனும் நட்டு, முதல் மூன்று கோடைகளுக்கு ஆள் வைத்து நீர் ஊற்றினால், அவை வேர்பிடித்துப் பல பத்தாண்டுகள் நிழல் தரும்.

மிகப் பெரிய மயக்கம் தூசி பற்றியது. இலை தூசியைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் இலையில் படிவது மொத்தத்தில் சிறு பங்கு. காற்றடித்தால் அதிலும் ஒரு பகுதி திரும்பப் பறக்கும். ராயபுரத்துக்கு உண்மையான விடிவு நீதிமன்றத்திலிருந்து வந்தது. ராயபுரத்தை ஒட்டிய சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாள்வதை 2011 அக்டோபர் முதல் நிறுத்தச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். எத்தனை தூண்தோட்டம் வைத்தாலும் அந்தப் பயன் வந்திருக்காது. அதேநேரம் அந்த நிலக்கரிச் சரக்கு எண்ணூருக்கு நகர்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு குப்பத்தின் நுரையீரலைக் காக்க இன்னொரு குப்பத்தைப் பலி கொடுப்பது தீர்வாகாது.

எண்ணூரில் பெரிய பசுமைக் கட்டுமானம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலோடு சேரும் கழிமுகத்தின் அலையாத்திக் காடுகளை யாரும் டெண்டர் விட்டு அமைக்கவில்லை. அவை உப்புநீரிலேயே வளர்கின்றன, கரையைப் பிடித்து நிறுத்துகின்றன, இறாலுக்கும் நண்டுக்கும் நாற்றங்காலாக இருக்கின்றன. அந்தக் கழிமுகத்தில் அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து பல ஆண்டுகளாகச் சாம்பல் கசிந்து படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்தது. அலையாத்தியின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேல் விரல்விரலாக நீட்டிக்கொண்டு நிற்பவை. காற்றை உள்ளிழுக்கும் அவற்றின் நுண்துளைகளின் மேலேயே எண்ணெய் பூசிக்கொண்டது. இருந்த காட்டைக் காக்காத நகரம் தூணில் செடி வைப்பதைச் சாதனையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

ஆகவே என் முடிவு இது. உறுதியான புதிய கட்டடங்களில் மாடித்தோட்டம் நல்லது. பொறியாளர் பார்த்த பிறகு வைக்கட்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் பழைய தளத்துக்கும் வெள்ளைப் பூச்சே மலிவான, பாரமில்லாத வழி. கொடுங்கையூரில் 2019 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை ஆலைகளுக்குத் தரும் நிலையம் இருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கைத் தெருமரங்களுக்கு ஒதுக்கலாம். ஆலை வளாகத்தில் பசுமை வளையம் வேண்டும் என்று சுற்றுச்சூழல் அனுமதியில் எழுதப்படும் நிபந்தனையை, ஊர்மக்களையும் உடன்வைத்து ஆண்டுதோறும் அளந்து வெளியிட வேண்டும். பசுமைக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு கழிமுகத்தில் சாம்பல் அள்ளவும் அலையாத்தியைக் காக்கவும் போகட்டும். புகைபோக்கிக்கும் சாம்பல் குழாய்க்கும் கெடு வைக்காத எந்தப் பசுமைத் திட்டத்தையும் வடசென்னை மக்கள் முழுமையானது என்று ஏற்கத் தேவையில்லை.