பாகீரதிக் கரையின் நூல்

கல்கத்தாவின் தென்பகுதியில், ராஷ்பிஹாரி அவென்யூ வந்து கலக்கும் கரியாஹாட் நாற்சந்தியில், பேரம் பேசுவோரின் ஆரவாரத்தைக் கடந்து ஜவுளிக் கடைக்குள் ஏறி, காசிப் பட்டையும் காஞ்சிப் பட்டையும் ஒருபுறம் ஒதுக்கச் சொல்லிவிட்டு, பகட்டில்லாத பருத்திப் புடவைகளைப் பிரித்துப் பார்க்கும் பொறுமையுள்ள ரசிகருக்கு, வங்காளத்து ஆற்றங்கரை ஒன்றின் சௌந்தரியம் முழுவதும் அங்கே காணக் கிடைக்கும். லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியேறிய நம்மவர்களில் சிலர் ‘தாந்த்’ எனப்படும் இந்தப் பருத்திப் புடவைகளைச் சமையலறைக்கு உரியவையென்று இளக்காரமாகப் பேசுவதுண்டு. ஜரிகையின் கனத்தைக்கொண்டே நெசவை எடைபோடும் பழக்கத்தால் வந்த குறை அது.

இவை பிறக்கும் நதியா ஜில்லாவின் சாந்திபுரம், சியால்தாவிலிருந்து ரயிலில் சுமார் 90 கிலோமீட்டர். மாந்தோப்பும் மூங்கிற்புதரும், சணல் ஊறும் குட்டைகளும் கடுகு வயல்களுமாக விரியும் அந்தச் சமவெளியில், பாகீரதி அவசரமின்றி வளைந்து, ஒரு கரையை அரித்து மறுகரைக்கு மண் சேர்த்துக்கொண்டே போகிறாள். அக்கரையிலுள்ள குப்திபாராவுக்குத் துறையிலிருந்து படகு உண்டு. சைதன்யருக்கு மூத்தவரான அத்வைதாசாரியர் வாழ்ந்த ஸ்தலம் சாந்திபுரம். வங்கமொழியில் ராமாயணம் பாடிய கிருத்திவாசர் பிறந்தது அடுத்துள்ள ஃபுலியா. பக்திக்கும் காவியத்துக்கும் இடங்கொடுத்த அதே தெருக்களில்தான் தறிச் சத்தமும் கேட்கிறது. விசைநாடாத் தறிக்கு அவ்வூரார் ‘கட்கடி’ என்று அதன் ஓசையையே பெயராக வைத்துவிட்டார்கள்.

ஆற்றங்கரையின் ஈரக்காற்று இந்தக் கலைக்கு வெறும் பின்னணி அன்று, அதன் ஒரு கருவி. 100-ஆம் நம்பர் பருத்தி நூல் வறண்ட காற்றில் பாவிலேயே அறுந்து நெசவாளியின் பிராணனை வாங்கும். ஈரம் ஊறிய காற்றிலோ இணங்கி வளைகிறது. நூலுக்கு விறைப்பேற்றும் கஞ்சியும் வயலின் உபயம்தான்: நெற்பொரியைக் கரைத்துக் கையால் தடவுகிறார்கள். புதுப் புடவையின் மொடமொடப்பு அந்தப் பொரிக்கஞ்சியால் வருவது. சில சலவைகளுக்குப் பின் அது கரைந்து, துணி உடம்போடு ஒட்டிப் பழகும்போதே நூலின் உண்மையான மென்மை வெளிப்படும். கரைகளுக்கு வண்டு, மீன்செதில், நட்சத்திரம், அரைச்சந்திரன் என்று பெயர்கள். நள்ளிரவு வானத்தின் நிறங்கொண்ட நீலாம்பரி இவ்வூரின் பழம்பெருமை; அதைக் கட்டிக்கொண்டால் வேறு ஆபரணம் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஃபுலியாவின் கதை வேறு. 1947-இல் தேசம் பிரிந்தபின், கிழக்கு வங்காளத்து டாங்காயிலிலிருந்து வந்த பசாக் குல நெசவாளர்கள், ஒரு நதிநாட்டை இழந்து மற்றொரு நதிநாட்டில் தறிக்குழி தோண்டினார்கள். ஊடையோடு ஊடையாகத் தனி நூலைக் கைவிரலால் செருகி, பூவைத் துணிக்குள்ளேயே மலரச்செய்யும் வித்தை அவர்களோடு வந்தது. அந்த மரபில் வந்த ஃபுலியாவின் பீரேன் குமார் பசாக்குக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2024-இல் மேற்கு வங்கத்தின் டாங்காயில் புடவைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டபோது, எல்லைக்கு அப்பால் பங்களாதேசத்தில் பெரும் மனத்தாங்கல் எழுந்தது. பெயரைத் தாங்கிய ஊர் அங்கேயும் அதை நெய்த குடும்பங்கள் பல இங்கேயுமாக இருக்கையில், இரு தரப்பின் நியாயத்தையும் மறுப்பதற்கில்லை.

இன்று விசைத்தறி இவற்றையெல்லாம் பாதி விலைக்குப் போலி செய்கிறது. ஆகவே கடைக்காரர் முந்தானையை விரித்து மயக்கும் வேளையில், புடவையைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்க்க வேண்டும்: கையால் இட்ட பூ இருபுறமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், இயந்திரப் பூவின் முதுகிலோ கத்தரித்த நூல்முனைகள் பிசிறிடும். ஓரங்களில் வரிசையாகத் தெரியும் ஊசித்துளைகளும் கைத்தறியில் துணியை இழுத்துப் பிடித்ததற்குச் சாட்சி. பூக்கள் நிறைந்த டாங்காயிலையே கூட்டம் விரும்புகிறது. கைப்பிரயாசையும் அதில்தான் மிகுதி. இருந்தும் எனக்குச் சாந்திபுரத்து வெற்றுடலும் வண்டுக் கரையுமே உசத்தி. இழையில் நேர்ந்த சிறு பிழையைக்கூட மறைத்துக்கொள்ள அதில் ஒரு பூவும் இல்லை.